பல்லில் கடித்த மண்

இரண்டு நாள் ஓவனில் கிடந்த மண், வெளியே எடுத்தபோது ஈரமாக இருந்தது.

அவள் மண் இருந்த தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். கோடையின் முதல் மழை விழுந்த வாசம். ஓவனைத் தொட்டுப் பார்த்தாள். கை பொறுக்காத சூடு. மழை பொய்த்துப்போன காலத்து மண் அது, மனிதர்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே பூமிக்கடியில் புதைந்துபோனது. அன்றைய செடிகளின் வேர்கள் ஓடிய தடங்கள் அதில் வெள்ளை நூல்களாக, சுண்ணாம்பாக உறைந்திருந்தன. அந்தச் சுண்ணாம்பைச் சோதித்து, அப்போது எவ்வளவு மழை பெய்தது என்று சொல்வதுதான் அவள் வேலை.

விடுமுறை நாள், ஆய்வுக்கூடத்தில் வேறு யாருமில்லை. கணவன் இறந்தபிறகு விடுமுறை என்றாலே அவளுக்குப் பயம். தங்கை காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டாள். எங்களோடு வந்து இரு, அந்த வீட்டில் யாருக்காகக் காவல் காக்கிறாய் என்று திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் பெட்டியோடு வந்துவிடுவதாக இவளும் ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தட்டு மட்டும்தான் பாக்கி.

பழக்கதோஷம், ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் கடித்தாள். மணலா களிமண்ணா என்று பல்லுக்குத்தான் சட்டென்று தெரியும். மண்ணோடு மாரடிக்கிற எல்லோரும் செய்வதுதான். நறநறவென்றது. யோசனையில் துப்ப மறந்து விழுங்கிவிட்டாள்.

தாகம் எடுத்தது. பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள். அடங்கவில்லை. குழாயில் வாயை வைத்துக் குடித்தாள், குடித்தாள், வயிறு நிறையவே இல்லை. முதுகுக்குப் பின்னால் வேறு யாரோ மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை கேட்டது, அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். தட்டில் தண்ணீர் தளும்பியது. வெள்ளை நூல்கள் நீண்டிருந்தன.

குடித்ததெல்லாம் அங்கே போகிறது.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, கிளம்பிட்டியா? உனக்கு மாடி ரூமைத் துடைச்சு வச்சிருக்கேன்."

வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"பேச மாட்டியா? இந்தத் தடவையும் வரமாட்டே, அதானே? சரி, உன் இஷ்டம். நான் இனிமே கூப்பிடல."

வைத்துவிட்டாள்.

இவள் அழுதாள். கண்ணீர் வரவில்லை. தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

பல்லிடுக்கில் என்னவோ நெருடியது. விரலால் பிடித்தாள். நூல். வெள்ளை நூல். இழுத்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள்ளே, அடியில் எங்கோ இருந்து, அது அவளைத் திருப்பி இழுத்தது.

தட்டில் ஓர் இலை விரிந்தது.