உறவு விலக்கு

எழிலூர் அடுக்ககத்தின் தொண்ணூறு மாடிகளிலும் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் அண்ணன், மின்தூக்கி பழுதுபார்ப்பவர் தம்பி. எதிர்வீட்டு நாயைக்கூட மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டு பிஸ்கட் போடுவார்கள். பாசம் பாதி. மீதிக் காரணம், ஆளாளுக்கு மணிக்கட்டில் கட்டியிருந்த அண்மைமணி.

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுப் பதிவேட்டில் ஏறியவர் பக்கத்தில் வந்தால் அண்மைமணி அலறும். சாதாரண அலறலா? இங்கே அடித்தால் ஆந்திர எல்லையில் காக்கை பறக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா நுழைய, மண்டபமே அலறி, நாயனக்காரர் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடி, கடைசியில் வாகன நிறுத்தத்தில் வைத்துத் தாலி கட்டினார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் உறவு விலக்குச் சட்டம். முறை சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் மணி அந்த ஆளுக்கு வாய் மூடிவிடும். கடைசியாக எப்படிக் கூப்பிட்டோமோ அதுதான் கணக்கு. இதற்காகக் கையெழுத்து வேட்டை நடத்தியவள் அடுக்ககச் சங்கச் செயலாளர் பூங்கோதை. மணி வெளியாளுக்குத்தானே, சொந்தக்காரரை நமக்குத் தெரியாதா என்று ஊர் ஊராய்ப் பேசினாள்.

அந்தப் பூங்கோதைக்குத்தான் இப்போது ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பல வருடம் கோவையில் இருந்த அவளுடைய அண்ணன் தணிகாசலம், மாற்றலாகி இங்கே வந்து தங்கியிருந்தார். வருவதற்கு முன்பே மாடி முழுக்க வீடு வீடாகத் தொலைபேசியில் பேசி, கூச்சப்படாமல் அண்ணன் என்றே கூப்பிடுங்கள் என்று கூப்பிடவைத்து, வந்த அன்றே எல்லார் வீட்டு அடுப்படி வரைக்கும் சொந்தமாகிவிட்டார். ஆனால் பூங்கோதையின் பத்து வயது மகள் இதழினி, அவர் கூடத்துக்கு வந்தால் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இரண்டு முறை காரணம் கேட்டும் பதில் வரவில்லை. பூங்கோதை சும்மா சும்மா மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். மணி மௌனமாக இருந்தது. அப்புறமென்ன என்று மனதைத் தட்டி உட்காரவைத்தாள். அது மறுபடி எழுந்து நின்றது.

சனிக்கிழமை பிற்பகல் சங்கக் கூட்டம். மகளை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். இதழினி செருப்பை மாட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றாள்.

"மாமாகூட சமத்தா இரு. எங்கே, சரி மாமான்னு சொல்லு," என்றாள் பூங்கோதை.

இதழினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரி, திரு. தணிகாசலம்."

சிறுமியின் மணி அலறியது.

பெரியவரைப் பெயர் சொல்வதாவது என்று அதட்ட வாயெடுத்த பூங்கோதை அப்படியே நின்றாள். பழுதாக இருக்கும். இருக்க வேண்டும். தன் மணியை வாயருகே கொண்டுபோனாள். பிறந்ததிலிருந்து சொல்லாத பெயர் நாக்கில் புரளவே இல்லை. கடைசியில் சொன்னாள். "தணிகாசலம்."

அவளுடையதும் அலறியது.

அண்ணன் பதறவில்லை. அவள் காதருகே குனிந்து, "அண்ணான்னு சொல்லு கோதை, நின்னுடும்," என்றார்.

நின்றுவிடும்தான். அவள் கேட்டு வாங்கிய சட்டமல்லவா. பூங்கோதை மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

சத்தம் கேட்டு மாடியே வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு ஜெபராஜ் காதைப் பொத்திக்கொண்டு, "என்ன அண்ணே ஆச்சு?" என்று தணிகாசலத்தையே விசாரித்தார். ஜெபராஜின் மணி அடிக்கவில்லை. வந்திருந்த யாருடைய மணியும் அடிக்கவில்லை. செயலாளர் வீட்டு மணிகள்தான் பழுது, ஆளை வரச்சொல்லலாம் என்று முடிவு கட்டினார்கள்.

"பழுதில்லை. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள் பூங்கோதை.

அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அவளே உரக்கச் சொன்னாள். ஜெபராஜ் தயங்கித் தயங்கித் திருப்பிச் சொன்னார். அவர் மணிக்கட்டு அதிர்ந்தது. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கூடமே அலறியது. தணிகாசலம் சுவரோரமாக நகர்ந்து படிக்கட்டில் இறங்கி மறைந்தார். சத்தம் அடங்கியது.

யாரும் வீடு திரும்பவில்லை. ஜெபராஜ், தோளோடு தோள் நின்றவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வருடக்கணக்காகத் தினமும் ஒன்றாக நடை போகிறவர். இவருடைய பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறவர்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க," என்றார். "உங்க பேரு என்ன?"