மருந்துத் தொட்டி

காலியான கொட்டகையில் ஒரு முட்டை கிடந்தது.

கூண்டுகளை நெருப்பில் வாட்டி, மருந்தடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி இருபது நாளாகிவிட்டது. எட்டாயிரம் கோழிகளும் பின்புறக் குழியில் சுண்ணாம்புத் தூளுக்கடியில் கிடந்தன. ஆனாலும் கூண்டுக்கு முன்னால், இட்ட முட்டை உருண்டு வந்து நிற்கிற கம்பிச் சரிவில் அது நின்றது. அவன் அதை எடுத்தான். சூடாக இருந்தது.

பண்ணையில் அவனுக்குச் 'சதவீதம்' என்றுதான் பெயர். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, இன்றைக்குத் தொண்ணூற்றாறு சதவீதம் முட்டை என்று பதில் சொல்கிறவன். அந்த வீம்புதான் அவனைக் கெடுத்தது. பக்கத்துப் பண்ணையில் நோய் கண்ட கோழிகளைப் பார்த்துவிட்டு அதே பூட்ஸோடு திரும்பிய காலையில், கொட்டகை வாசலில் கால் நனைக்கிற மருந்துத் தொட்டி காய்ந்து கிடந்தது. மருந்து கலக்க அரைமணி நேரமாகும். தீவனம் தாமதித்தால் முட்டை குறையும். ஒரு எட்டு வைத்துத் தொட்டியைத் தாண்டி உள்ளே போய்விட்டான். ஐந்தாம் நாள் முதல் கோழி கழுத்தைப் பின்னால் முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தது. பிறகு எல்லாம் பார்த்தன. எட்டாயிரம் தொண்டைகளும் கர், கர் என்று இழுத்த அந்தச் சத்தம் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

பண்ணை அவன் மனைவியின் அண்ணனுடையது. நோய் எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது காக்கையின்மேல் பழியைப் போட்டான். அவரும் நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது.

பையில் போன் அடித்தது. அவர்தான்.

"மாப்ள, நாளைக்குப் புதுக் கோழி இறங்குது. தொட்டி மட்டும் காயாம பாத்துக்க."

"சரி மச்சான்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

பிற்பகல் வெயில் கம்பி வலைக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. சுண்ணாம்பின் காரநெடிக்கு அடியில் நனைந்த இறகின் வாடை மெல்ல எழுந்தது. கொட்டகையின் கடைசி வரிசையில் தீவனத் தொட்டித் தகரத்தை ஏதோ கொத்தியது. ஒரு தடவை. நிறுத்தி, இன்னொரு தடவை. பிறகு அதற்குப் பக்கத்தில். அதற்கும் பக்கத்தில். வரிசை வரிசையாக, தீவனம் போடுகிற நேரத்துச் சத்தம் அவனை நோக்கி வந்தது. கூண்டுகளில் எதுவும் இல்லை. முட்டையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான்.

வாசல் சிமெண்டில் கால்தடங்கள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குழியிலிருந்து வெள்ளையாக வந்து, இப்போது மருந்து நிறைந்திருந்த தொட்டிக்குள் இறங்கி, ஈரமாக ஏறி உள்ளே போயிருந்தன. நூற்றுக்கணக்கில். ஒன்றுகூடத் தொட்டியைத் தாண்டிப் போகவில்லை.

தாண்டிப் போன தடம் ஒன்றே ஒன்று. சுண்ணாம்புத் தூளில் பதிந்த உலர்ந்த பூட்ஸ் தடம். அவனுடையது. காலிக் கொட்டகைதானே என்று இந்த இருபது நாளும் அவன் கால் நனைக்கவேயில்லை.

அந்தத் தடம் பண்ணைக்குள்ளேயே இருந்த அவன் வீட்டை நோக்கிப் போயிற்று. மத்தியானம் சாப்பிடப் போன தடம். அதன் இருபுறமும் ஈரக் கால்தடங்கள் கூடவே போயிருந்தன.

ஓடினான்.

ஈரத் தடங்கள் நிலைப்படியோடு நின்றிருந்தன. உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"குழந்தை எங்க?"

"இந்தா, சுவத்தோரம். மத்தியானம் நீங்க கழட்டிப் போட்ட பூட்ஸ வாயில வச்சுக் கடிச்சிட்டிருந்தான். புடுங்கினா ஒரே அழுகை. அப்புறம் புதுசா ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சிட்டான். மேலயே பாத்துட்டிருக்கான்."

பத்து மாதக் குழந்தை அவன் குரல் கேட்டுத் தவழ்ந்து வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கழுத்து பின்னால் முறுகி, கண்கள் கூரையில் நின்றிருந்தன.

கர். கர்.

"அப்பா வந்தாச்சு பாரு" என்று அவள் சிரித்தாள்.

அவன் நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தான். காலில் பூட்ஸ் இருந்தது.