துவைக்கக் கூடாத சட்டைகள்

"உவ்வே! இது வீடாக்கா, இல்ல குப்பைக் கிடங்கா?"

கூடத்திலிருந்து வந்த சத்தம் பின்வாசல் குழாயடிவரை கேட்டது. பெரிய மருமகள் வாளியிலிருந்த கடைசித் துணியைப் பிழிந்து, வேறொரு துணிக்குள் சுருட்டி மறைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். போதாதென்று மறுபடியும் கழுவினாள். விடியுமுன்பே தொடங்கிய துவைப்பில் விரலிடுக்கெல்லாம் வெந்து எரிந்தது.

உள்ளே சின்ன மருமகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ரோஜா வாசனை ஸ்பிரேயை மூலைக்கு மூலை அடித்துக்கொண்டிருந்தாள். மேலே ரோஜா, அடியில் பழைய வாடை.

"நாளைக்கு என் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் சாப்பிட வர்றாங்க. இந்த நாத்தத்துல அவங்களை எங்கே உட்கார வைக்கிறது? செத்தவங்க சட்டை, எவனெவனோ படுத்துப் பெரண்ட பெட்ஷீட்... எல்லாத்தையும் நடுக்கூடத்துல கொண்டு வந்து குவிச்சா நாறாம என்ன செய்யும்?"

"எந்தத் துணியா இருந்தாலும் வெந்நீர்ல வேகவெச்சு, வெயில்ல காயவெச்ச பிறகுதாம்மா கத்திரிக்கோலையே எடுக்கிறேன்" என்றாள் பெரியவள்.

பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பது அவள் தொழில். மேலே துண்டுகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் கனமான பருத்தி, அடியில் ஒரே நிறத்துணி. மூன்றையும் பிடித்து நிறுத்தக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் ஓட்டுகிற நூல். பிள்ளையின் பழைய கவுன்களையும் அம்மாவின் புடவைகளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போர்வையாக வாங்கிப் போகிறவர்கள் நிறைய. தெருவில் அவளுக்குப் போர்வைக்காரி என்றே பெயர்.

"அப்போ அந்த நீல மூட்டை? அதைத் துவைச்சீங்களா?"

பெரியவள் தயங்கினாள். "அது... துவைக்கக் கூடாதது."

"கேட்டீங்களா அத்தை? துவைக்கக் கூடாதாம்!"

தையல் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒரு பெண்கள் விடுதியில் ஆயுசில் பாதி மேட்ரனாக இருந்தவள். படுக்கை விரிப்பில் ஒரு கறை தெரிந்தாலும் பெண்களை வரிசையில் நிறுத்தி வைத்தவள். ஊருக்கே அவள் மேட்ரனம்மாதான்.

"நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு" என்றாள் மேட்ரனம்மா. "சுத்தம்னா என்னன்னே தெரியாத வீட்டுல பெண்ணெடுத்தா இப்படித்தான்... மூச்சு விட முடியலையே!"

பெரியவள் மாமியாரின் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்கள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன.

காரணம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மழைக்காலத்தில் ஒருநாள் மேட்ரனம்மா கட்டிலிலிருந்து எழுந்திருக்காமல், பெரியவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். சிறுநீர் அடக்க முடியவில்லை. தானாகப் போய்விடுகிறது. "யார்கிட்டயும் சொல்லிடாதேடி. என் பிள்ளைங்ககிட்டகூட! டாக்டர் கீக்டர்னு பேச்செடுத்தே, நான் உயிரோட இருக்க மாட்டேன். சத்தியம் பண்ணு" என்று கையைப் பிடித்து அழுதாள். பெரியவள் சத்தியம் செய்தாள். போர்வை தைக்கிற அதே கையால் மூன்றடுக்கில் தடித்த துண்டுகள் தைத்துக் கொடுத்தாள். விடியுமுன் துவைத்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப்போட்டாள். ஆனால் நாற்காலி மெத்தையில் இறங்கிவிட்ட வாடையை மட்டும் அவளால் ஒளிக்க முடியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன், பஸ் டிரைவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரோட்டில் எதிரே வருகிறவனையெல்லாம் நார் நாராகக் கிழிப்பவன். வீட்டுக்குள் வந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வான்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்..." என்றாள் பெரியவள்.

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க" என்று கை கழுவ எழுந்தான். எதைக் கை கழுவினான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தெருக்கோடியில் தையல்கடை வைத்திருந்த டெய்லரம்மா பெரியவளின் தோழி. வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் சேர்த்து வைத்து அவளுக்குக் கொடுப்பாள். அன்று சாக்கை வாங்கப் போனபோது முகத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்திவிட்டாள்.

"என்னடி, மூஞ்சி இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு?"

"வீடு நாறுதாம். என் மூட்டையாலதானாம்."

"யாரு சொன்னது? உன் மாமியாரா? மூக்கு அவ்வளவு நீளமா இருந்தா சொல்லு, வந்து உள்ளே மடிச்சு ஒரு தையல் போட்டுடறேன். கூலிகூட வேண்டாம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"உன் வேலை எனக்குத் தெரியாதா? துவைச்சுத் துவைச்சே துணியைச் சாகடிக்கிறவ நீ! வேற எங்கிருந்தோ வருது அந்த நாத்தம். உனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கிற."

"ஒண்ணுமில்லக்கா..."

"முழுங்கு, முழுங்கு. நாக்கு நுனிக்கு வந்ததையெல்லாம் முழுங்கு. ஒருநாள் வயித்தைப் பொரட்டும் பாரு."

சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியவள் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

கொடியில் ஆண் சட்டைகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கட்டம் போட்டது, கோடு போட்டது, முழங்கையில் வார்னிஷ் கறை படிந்த காக்கி. நீலப் பை உரித்துப்போட்ட தவளைத் தோல்போலத் தரையில் கிடந்தது. காற்றில் கிருமிநாசினி நெடி மூக்கைத் துளைத்தது.

"ஐயோ... என்ன காரியம் பண்ணினே!"

அவை டீச்சருடையவை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவர் தச்சர், போன மாதம் இறந்துபோனார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டைகளை அப்படியே அள்ளி வந்து, "துவைச்சுடாதீங்க... அவரோட வேர்வை, மரத்தூள், எல்லாம் இன்னும் இதுல இருக்கு. போர்வையாக்கிக் கொடுத்தா அவரையே போர்த்திக்கிட்ட மாதிரி இருக்கும்" என்று பையை மடியில் வைத்துக் கதறியவள். அன்று இந்த மேட்ரனம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவலைப்படாதே, நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன். ஒருத்தரையும் தொட விடமாட்டேன்" என்று வாக்குக்கூடக் கொடுத்தாள்!

சின்னவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "முணுமுணுக்காம உங்க வேலையை நான் செஞ்சிருக்கேன், ஒரு தேங்க்ஸ் கிடையாதா? ரெண்டு தடவை மருந்துல ஊறவெச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். காலர்ல எவ்வளவு அழுக்கு தெரியுமா? சீ!"

"துவைக்கக் கூடாதுன்னு காலையில சொன்னேனே..."

"நீங்க சொன்னீங்க. அத்தைதான் அந்த மூட்டையைக் காட்டி, நாத்தமெல்லாம் இதுலிருந்துதான் வருது, அவ வர்றதுக்குள்ள துவைச்சுப் போட்டுடுன்னாங்க."

பெரியவள் கூடத்துக்குள் போனாள். மாமியார் நாற்காலியில் அசையாமல் இருந்தாள். மூட்டைகளுக்கு நடுவே, மூட்டைகளோடு மூட்டையாக.

அப்போதுதான் ஒன்று சுருக்கென்று தைத்தது. வெளிச்சம் வருகிற ஜன்னலோரத்தில் கிடந்த இந்த நாற்காலியை, "உனக்குத் துணையா இருக்கேன்டி" என்று சொல்லித் தையல் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னது மழைக்காலத்தில். அந்தக் கதவைச் சாத்தி அழுத அதே வாரத்தில்!

துணையாம்... துணை! தன் நாற்றத்தை மறைக்க இவள் துணிகள் தேவைப்பட்டிருக்கின்றன.

பெரியவளுக்குக் குமட்டியது. மாதக்கணக்காக அந்த ஈரத்துணிகளைக் கசக்கியபோது ஒருநாளும் வராத குமட்டல், இப்போது தொண்டைவரை வந்து நின்றது. ஓடிப்போய்க் குழாயடியில் குனிந்தாள். வந்தது வெறும் கசப்புநீர்தான்.

வேலை முடிந்து வந்த கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சட்டையைத் துவைச்சதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான். அவன் குடித்து வைத்த டம்ளரைத் தொடக்கூட அவளுக்குக் கூசியது.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். எந்தச் சட்டையின் பாக்கெட் போர்வைக்கு நடுவில் வரவேண்டும் என்று காட்டுவதற்காக வருவதாகச் சொல்லியிருந்தாள். பெரியவள் மடித்து வைத்திருந்த சட்டைகளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

டீச்சர் காக்கிச் சட்டையை எடுத்தாள். கண்ணை மூடினாள். காலரில் முகத்தைப் புதைத்தாள்.

பிறகு அடுத்த சட்டை... அதற்கடுத்தது... அக்குள், காலர், கைமடிப்பு என்று பிச்சைக்காரி பாத்திரத்தைத் துழாவுவதுபோல முகர்ந்து தேடினாள்.

"மருந்து வாடைதானே வருது..." என்றாள் சின்னக் குழந்தையின் குரலில். "அவரு எங்கே?"

சின்னவளின் முகம் வெளுத்தது. துவைக்கக் கூடாது என்றால் என்னவென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"என்கிட்ட நம்பிக் கொடுத்தீங்க டீச்சர். காப்பாத்தத் தெரியல. தப்பு என்னோடதுதான்..." பெரியவள் கை கூப்பினாள்.

"உங்களைப் போய் நம்பினேனே!" டீச்சர் சட்டைகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஊர் பூராச் சொல்றேன். இனி ஒருத்தியும் உங்க வாசல்ல துணி கொண்டு வந்து வைக்க மாட்டா!"

அவள் வாசலை நோக்கி நடந்தாள். பெரியவள் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் ஊசியால் கட்டிய பேர் அந்தச் சட்டைகளோடு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நில்லும்மா!"

மேட்ரனம்மாவின் குரல். ஒரு காலத்தில் விடுதி முழுவதையும் எழுப்பிய குரல்.

வேற்றாள் இருக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள், கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். எழுந்தவள் மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, முதுகைத் திருப்பிக் காட்டி நின்றாள். சேலையின் பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தது. கூடத்தில் அத்தனை நாளும் மறைந்து திரிந்த வாடை, முகமூடியைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றது.

"நல்லாப் பாத்துக்கோங்க. நாறினது நான். அந்தச் சட்டை இல்ல. இவ துணி எதுவுமே இல்ல." பெரியவளைக் கையால் காட்டினாள். "தினம் தினம் என் அசிங்கத்தை இவதான் அள்ளினா... நான் இவ மேலேயே அதைப் பூசிட்டேன். துவைக்கச் சொன்னதும் நான்தான். வாக்குக் கொடுத்த வாயாலயே சொன்னேன்... என்னைக் காறித் துப்புங்க! இவளை ஒண்ணும் சொல்லாதீங்க!"

கணவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சின்னவள், "அத்தை..." என்று இழுத்தவள், கை தானாக மூக்குக்குப் போவதை உணர்ந்து பாதியில் இறக்கிக்கொண்டாள்.

பெரியவளின் மனம் கொதித்தது. போதும், போய்விடு என்றது. ஆனால் ஈரமும் நடுக்கமுமாக அந்தக் கிழட்டு உடம்பு கூட்டத்தின் நடுவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவள் கைகளால் சும்மா இருக்க முடியவில்லை. மேசைமேல் தைத்து முடித்து வைத்திருந்த ஒரு போர்வையை உருவி, மாமியாரின் இடுப்பைச் சுற்றி இறுக்கினாள்.

"வாங்க, உள்ளே போகலாம்."

எதிர்பாராத விதமாக மறுபக்கத் தோளை இன்னொரு கை பிடித்தது. டீச்சர்!

"அவருக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் டீச்சர், யாரையும் பார்க்காமல். "நான்தான் துவைச்சேன். இந்தச் சட்டைங்க அதுக்கு முந்தினது... நல்லா இருந்தப்போ போட்டது. அதான் வேணும்னு கேட்டேன்."

குளியலறை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பிறகு சட்டைகளைப் பெரியவளின் கையில் திருப்பி வைத்தாள்.

"மன்னிக்கச் சொல்லாதீங்க. இப்போ முடியல. ஆனா நீங்களே தைங்க. காக்கிப் பாக்கெட் நடுவுல வரட்டும்."

அவள் போன பிறகு பெரியவள் கணவனைப் பார்த்தாள். "நாளைக்கு லீவு போடுங்க. அத்தையை டாக்டர்கிட்ட நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. என்ன ஏதுன்னு நீங்கதான் வாயைத் திறந்து சொல்றீங்க." அவன் தலையாட்டினான். "வாயைத் திறந்து!" என்றாள் அவள்.

"சரி" என்றான் அவன்.

சின்னவள் வெந்நீர் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து குளியலறையில் வைத்தாள். கண்ணெல்லாம் நீர். "அக்கா, நான் பேசினதெல்லாம்..."

"அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். அந்தச் சேலையை எடுத்துக்கிட்டுப் போய் அலசிப் போடு. மூக்கைக் கட்டிக்கிட்டுச் செய், தப்பில்ல."

சின்னவள் நனைந்த சேலையை விரல் நுனியால் எடுத்தாள். பிறகு முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரின் தோளில் பெரியவள் வெந்நீரை ஊற்றினாள். மேட்ரனம்மா தலை குனிந்தபடியே கேட்டாள்.

"என்னைப் பாத்தா அருவருப்பா இருக்காடி?"

"இருக்கு அத்தை."

கிழவியின் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"இதுக்கு இல்ல. இது உடம்பு. எனக்கும் ஒருநாள் வரும். காலையில நாற்காலியில உட்கார்ந்து என்னைப் பாத்து மூக்கைப் பொத்தினீங்களே... அதுக்கு. அது இன்னிக்குப் போகாது. என்னிக்குப் போகும்னும் தெரியல."

மேட்ரனம்மா நனைந்த கைகளால் மருமகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்து விம்மினாள். "பேச வேண்டாம்... திட்டு. எப்பவும் திட்டிக்கிட்டே இரு. விட்டுட்டு மட்டும் போயிடாதேடி..."

பெரியவள் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள். அவள் உடுப்பு நனைந்தது. அணைத்த கைகளை விலக்கவும் இல்லை, திருப்பி அணைக்கவும் இல்லை. நீர் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குளிரில் நடுங்கிய அந்த முதுகின்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.