ஏறும் எடை

மூன்று மணி அளவை எடுக்கப் போனபோது டயலின் முள் பின்னால் வந்திருந்தது.

யுவராணி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த எஃகுக் கம்பி, நிமிர்ந்து நிற்கும் குழாய் உலைக்குள் மேலிருந்து தொங்குகிறது. அதன் அடியில், உலைக்கு வெளியே, இரும்புத் தட்டுகளாக அடுக்கிய எண்பது கிலோ எடை. சூட்டிலும் பாரத்திலும் கம்பி நாள்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நீளும். மணிக்கொரு தரம் டயலைப் பார்த்து அதை எழுதுவதுதான் உருக்காலையின் சோதனைக்கூடத்தில் அவள் வேலை. கம்பி நீளும், இல்லையென்றால் அறும். சுருங்காது.

இது மூன்று நாளாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமையே மேலாளர் தீர்த்தகிரியிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "கம்பி சுருங்குதா? அது என்ன, தண்ணியில நனைச்ச சட்டையா? டயல் பழசு. நீயே கூட்டிப் போட்டு எழுது. முடியலைன்னா சொல்லு, டிப்ளமோ படிச்சிட்டுக் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுல நூறு பேரு நிக்கறாங்க."

எழுதினாள். பொய் எழுதுவது அவளுக்குப் புதிதில்லை.

நாற்பது நாளைக்கு முன்னால், இதே உருக்கின் மாதிரியைச் சோதித்தவளும் அவள்தான். பாஸ்பரஸ் மூன்று மடங்கு காட்டியது. உருக்கு உலையில் அப்படி எதையும் யாரும் போடவில்லை. எலும்பில் இருப்பது பாஸ்பரஸ். உலை மேடையில், அங்கே வேலை பார்த்த மாதுவின் சோற்றுத் தூக்குப்போசி மட்டும் திறக்காமல் இருந்தது. ஆள் விழுந்த உருக்கை உலைக்காரர்கள் வார்க்க மாட்டார்கள். குழி வெட்டிப் புதைப்பார்கள். ஆனால் அதில் விலை உயர்ந்த நிக்கல் எஃகு இரண்டு டன் இருந்தது. "எப்பவும் வர்ற நம்பரையே போடும்மா" என்றார் தீர்த்தகிரி. போட்டாள். மாது மதியமே வெளியே போய்விட்டதாக அலுவலகம் சொன்னது. வார்த்த கட்டியிலிருந்து கடைந்த கம்பிதான் இது.

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் வேறு யாருமில்லை. தகரக் கூரை வெயிலில் முறுகிக்கொண்டிருந்தது. உலையின் உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருப்பதை அவள் இப்போதுதான் கவனித்தாள். கிணற்றுக் கயிறு உருளையில் உரசுவது போன்ற, விட்டு விட்டு வரும் சத்தம். மயிர் கருகும் வாடையும் வந்தது. தன் பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. வாசல் காவலாளி வீரமணி. "மேடம், மாது சம்சாரம் மறுபடியும் வந்துட்டுதுங்க. உங்ககிட்டப் பேசாம போவாதாம்."

பெரியம்மாளின் குரல் வந்தது. "கண்ணு, அன்னிக்கு உலை மேடைக்கு மாதிரி எடுக்க நீதான் போனியாம். வூட்டுல புள்ளைங்க வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குதுங்க. செத்துட்டாருன்னாலும் சொல்லிப்போடு, தாலியையாச்சும் கழட்டி வெக்கறேன். எங்கூட்டுக்காரரப் பாத்தியா?"

யுவராணி தொங்கும் எடையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை.

"இல்லைங்கக்கா. அவரு மதியமே போயிட்டாரு."

எடை நகர்ந்தது.

கண்ணெதிரில். ஒரு விரற்கடை மேலே.

"நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு."

"போயிட்டாருக்கா. நானே பாத்தேன்."

இன்னொரு விரற்கடை. எடைத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கின. உலை மின்சாரத்தை நிறுத்தினாள். உறுமல் அடங்கியது. கயிறு உரசும் சத்தம் மட்டும் அடங்கவில்லை.

பட்டென்று கம்பி அறுந்தது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எடை தரையில் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஒரு முழம் இறங்கிய எடை வெடுக்கென்று நின்றது. யாரோ பிடித்ததுபோல ஆடியது. கம்பியின் கீழ்த்துண்டு உலைக்கு வெளியே தெரிந்தது. அறுந்த நுனி. சிவப்பாக. எதிலும் படாமல்.

காதில் பெரியம்மாளின் குரல் மாறியிருந்தது.

"கண்ணு... அங்க மூச்சு வாங்கறது யாரு? அவரு கெணத்துல தண்ணி சேந்தறப்ப இப்படித்தான்..."

யுவராணி தன் மூச்சை அடக்கிக் கேட்டாள்.

எண்பது கிலோவும் அந்தரத்தில் தொங்கின. பிறகு, கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல, ஏறத் தொடங்கின. ஒரு சாண். ஓய்வு. ஒரு சாண்.