கிராமபோன் ராணி மார்க்

கமர்ஷியல் தெருவில் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் துணி வாங்கிவிடுவதில்லை. பிரிஜெட் வாங்குவாள். அதுவும் துணிக்காக அல்ல... துணியின் மேல் ஒட்டியிருக்கும் படத்துக்காக.

1936இல் மில்காரர்கள் ஒவ்வொரு பீஸ் துணியின் வெளிமடிப்பிலும் ஒரு வண்ணப் படம் ஒட்டி அனுப்புவார்கள். படிக்கத் தெரியாத ஜனங்கள் படத்தைப் பார்த்துத்தான் மார்க்கை நம்பி வாங்கினார்கள். கான்வென்ட் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த பிரிஜெட்டுக்கு அந்தப் படங்கள் என்றால் பைத்தியம். குடை பிடித்த புலி, மீசை வைத்த சூரியன் என்று ஒரு ஆல்பம் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இது என்ன ஆசை என்று கேட்டால், ஆல்பத்தைத் திறந்து காட்டுவாள். பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு முதலியார் கடையில் அவள் கண்ணில் பட்டது, மயில்மேல் உட்கார்ந்து கிராமபோன் கேட்கும் ஒரு ராணி. கிரீடத்தில் தங்க மை. துணியோ கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் பொட்டு... கண்ணைக் குத்தியது. அவள் கை வைத்த அதே நேரத்தில் இன்னொரு கையும் அந்தப் பீஸின்மேல் விழுந்தது.

"இத நான் பாத்துட்டிருக்கேன்," என்றாள்.

"நானுந்தான். துணிய இல்ல... மேல இருக்கற ராணிய."

நிமிர்ந்தாள். தலையெல்லாம் மழைத்தண்ணீர். வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் யூஜின். மாதா கோயில் ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கம் அவனைப் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை. தன்னைப்போல் இன்னொரு பைத்தியம் இந்த ஊரில் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

முதலியார் இரண்டு பேரையும் பார்த்தார். "படத்தப் பிச்சுக் குடுத்துட்டா நாளைக்கு எவன் இத ராணி மார்க்குன்னு நம்புவான்? பீஸ் தீரட்டும். கடைசித் துண்டு யார் வாங்கறாங்களோ, படம் அவங்களுக்கு."

இந்தக் கலரை வேறு யாரும் வாங்கமாட்டார்கள், தாங்களாக வாங்கினால்தான் பீஸ் தீரும் என்று இருவருக்கும் தெரிந்தது. முழுசாக வாங்கவோ இருவருக்குமே வசதி இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் யுத்தம் நடந்தது. அவள் அரை கஜம் வாங்குவாள். அவனும் அரை கஜம் வாங்குவான்.

"இவ்வளவு துணிய வெச்சு என்ன பண்றீங்க?"

"நீங்க என்ன பண்றீங்களோ, அதேதான்."

"நான் தையல் டீச்சர்..."

"நான் சட்டை போடற ஆளு. போதாதா?"

சனிக்கிழமை எப்போது வரும் என்று அவள் வெள்ளிக்கிழமையே நினைக்க ஆரம்பித்தாள். ராணிக்காகத்தான் என்று தன்னிடமே சாதித்தாள்.

வாங்கிய துணியைத் தூக்கி எறிய மனம் வருமா? அவள் சேர்ந்த துண்டுகளை இணைத்து ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். அதே பூசைக்கு யூஜின் அதே துணியில் சட்டை போட்டு வந்திருந்தான். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் பொட்டு. ஊரில் வேறு யார் உடம்பிலும் அது இல்லை.

அந்தக் கோயில் ஜனங்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே பீஸில் உடுப்பு எடுப்பது வழக்கம். ஒரே பீஸ் என்றால் ஒரே குடும்பம். பூசை முடிந்ததும் பாட்டுக்குழு நோரா ஆன்ட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி பிரிஜெட், இவ்வளவு அழுத்தமா? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல. கல்யாண ஓலை பூசையில எந்த வாரம் வாசிக்கறாங்க?"

நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அப்பா டொமினிக்கின் முகம் செத்துவிட்டது. தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர், ஒரு சொல் கேட்காமல் வளர்த்தோம் என்ற ஒரே பெருமையில் வாழ்கிறவர். பிரிஜெட்டுக்குக் காது சுட்டது. வீறாப்பு முந்திக்கொண்டது.

"அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது ஆன்ட்டி. துணி, படத்துக்காக வாங்கினது."

பின்னால் யூஜின் நின்றிருந்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அவள் போகும் பூசைக்கும் வரவில்லை, விடியற்காலை முதல் பூசைக்கு மாறிக்கொண்டானாம். முதலியார் பீஸில் மிஞ்சிய கடைசித் துண்டை அளந்து, மடித்து, ராணியோடு அவள் கையில் கொடுத்தார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. அவர்தான் ஆளையே காணோமே."

கெட்டில் ஆவியில் காட்டிப் படத்தைப் பதமாக உரித்தாள். ஆல்பத்தில் ஒட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது கிரீடம் மின்னியது. அழகுதான்... யாரிடம் காட்டுவது? புதுப் படம் கிடைத்தால் சாயங்காலம் முழுக்க அதோடு உட்கார்ந்திருக்கிறவள், அன்றைக்கு ஆல்பத்தை மூடிவிட்டாள். ராணி போனால் இன்னொரு ராணி வருவாள். அவன் வரமாட்டான். அவன் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

இரண்டாம் நாளும் சோறு இறங்கவில்லை. அப்பா தட்டைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"டாடி... அன்னிக்குக் கோயில் வாசல்ல நான் சொன்னது பொய். அவரைத் தெரியும். தப்பா ஒண்ணும் நடக்கல. ஆனா அவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

டொமினிக் தன் தட்டைத் தள்ளிவைத்தார். கோபம் வந்தது, அதை விழுங்கினார். மானம் போனது ஒரு பக்கம். பெண் ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் பொய் சொல்லி அவமானப்படுத்தினாள் என்பது அவருக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது.

"பொய்ய எங்க சொன்னியோ அங்கயே போய் சரி பண்ணு. நான் கூட வரேன்."

மறு ஞாயிறு, முதல் பூசை. ஜனம் கலைகிற நேரத்தில் பிரிஜெட் அவன் எதிரே போய் நின்றாள். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். நோரா ஆன்ட்டி வெளியே போக வந்தவள் போகவில்லை.

"மிஸ்டர் யூஜின்... உங்களை யாருன்னே தெரியாதுன்னு இங்கதான் சொன்னேன். அது பொய். உங்களை எனக்குத் தெரியும். ரொம்பப் பிடிக்கும்."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்கள் இன்னும் சிரிக்கவில்லை.

"ராணி கிடைச்சாளா?"

"கிடைச்சா."

"எங்கிட்டயும் இருக்கா. ரெண்டாவது வாரமே சிக்பேட்டைத் துணிக்கடையில கிடைச்சிட்டா."

பிரிஜெட்டுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு... வாராவாரம் முதலியார் கடைக்கு வந்தீங்க?"

"முதலியார் மூஞ்சியப் பாக்கவா வருவேன்? உனக்காகத்தான் வந்தேன், பிரிஜெட்."

கோயில் வாசல் என்றும் பாராமல், அத்தனை பேர் முன்னால், அவள் அழுதுவிட்டாள்.