நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

உத்தமபாளையத்தில் ஒரு பிடி களிமண், ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை மிரட்டி உண்மையைக் கக்க வைத்தது. வேடிக்கை பார்க்க அன்றைக்கு மேகமலை ஒரு முழம் எட்டிக்கூடப் பார்த்தது.

பத்து வயது சுமையாவின் அண்ணன் ஷானவாஸிடம்தான் அந்தக் காசு இருந்தது. வருடத்துக்குக் கீழே ஒரு நட்சத்திரம். அதை ஒட்டி ஒரு புள்ளி. நட்சத்திரம் ஐதராபாத் நாணய ஆலையின் அடையாளம். புள்ளி நொய்டா ஆலையின் அடையாளம். இரண்டும் ஒரே காசில் இருப்பதால் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று ஷானவாஸ் ஒன்பது தெருவுக்குச் சொல்லிவிட்டான்.

அவனோடு படிக்கும் விஜய்பாண்டி மயங்கிப்போனான். காசுக்குப் பதிலாகத் தன் ஆட்டுக்குட்டியையே தருவதாகச் சொன்னான். அந்தக் குட்டியின் காதைத் தொட்டால் பஞ்சு மூட்டையே வெட்கப்படும்.

மூவரும் வாய்க்கால் கரையில் கூடினார்கள். குட்டி வந்ததும் வராததுமாக சுமையாவின் சட்டை நுனியை மென்றது. இனி இது எங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கயிற்றை நீட்டிய விஜய்பாண்டியின் கண் கலங்கியிருந்தது.

சுமையா காசை வாங்கித் தடவினாள். புள்ளியின் ஓரம் மட்டும் விரலில் இடறியது.

"இருண்ணே, ஒருவாட்டி பாத்துருவோம்."

வாய்க்காலில் களிமண் எடுத்துப் பிசைந்து, அதில் காசை அழுத்தி எடுத்தாள். ஆலையில் அச்சடித்ததெல்லாம் காசில் மேடாக நிற்கும். மண்ணில் பள்ளமாக விழும். வருடம் பள்ளமாக விழுந்தது. நட்சத்திரமும் அப்படியே. புள்ளி மட்டும் கொசு கடித்ததுபோலப் புடைத்து நின்றது.

"நட்சத்திரம் ஆலையில போட்டது. புள்ளி அப்புறம் யாரோ குத்துன குழிண்ணே."

களிமண்ணுக்கு என்ன தெரியும் என்றான் ஷானவாஸ். மறுபடி மறுபடி அழுத்தச் சொன்னான். நானூறு தடவையாவது இருக்கும். நானூறு தடவையும் கொசுக்கடிதான்.

விஜய்பாண்டி கயிற்றைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். "ஏலே, காச நீயே வச்சுக்க," என்றான் ஷானவாஸிடம். பிறகு சுமையாவைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டதும் தெனமும் வா. நீதான் இதுக்கு வேப்பங்கொழ ஒடிச்சுப் போடணும்," என்றான்.

ஷானவாஸ் ஏதோ யோசித்தான். கால்சட்டைப் பையிலிருந்து பம்பரத்தை எடுத்தான். அதன் ஆணியைக் காசின் புள்ளியில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது.

தலையைச் சொறிந்தான்.

"போன லீவுல இந்தக் காச வட்டத்துல வச்சுத்தான் பம்பரம் விட்டோம். குத்துனது நாந்தான்."