நல்ல பம்ப்தானே சார்?

'எடுய்யா... எடு!'

விமானப் படிக்கட்டின் கீழே நின்று பல்லைக் கடித்தாள் அந்தப் பெண் மெக்கானிக். ஒரு கையில் போன். தோளில் கனத்த பை.

முதல் ஜன்னலில் கம்பெனித் தலைவரின் வழுக்கை தெரிந்தது. பின்னால் ஐந்து டைரக்டர்கள். ஒரு சுற்று பறந்து இறங்கியதும் ஓட்டுப் போடப் போகிறார்கள். மூழ்கிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பெனிக்கு இவரே தலைவராக நீடிப்பதா, வேண்டாமா?

நீடித்தால்... அவள் கணவன் மேல் விழுந்த பழி அழியவே அழியாது!

போன வருடம் நடுவானில் எஞ்சின் நின்றது. விமானத்தை வயலில் இறக்கி, எண்பது பேரைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனான் கேப்டனான அவள் கணவன். 'எரிபொருள் பம்ப் நன்றாக இருந்தது. தவறு கேப்டனுடையது' என்று கூசாமல் கையெழுத்துப் போட்டார் தலைவர்.

அந்தப் பம்பில் 'பழுது, மாட்டாதே' என்று சிவப்பு அட்டை கட்டியவளே அவள்தான். அதை அறுத்தெறிந்து 'நல்லது' என்று பச்சை அட்டை கட்டச் சொன்னவர் தலைவர்.

சாட்சிதான் இல்லை.

"ஹலோ, யாரு?" என்றார் தலைவர்.

"மெக்கானிக் சார். இடது எஞ்சின்ல பம்ப் மாத்தியாச்சு. ஸ்டோர்ல ஒண்ணு சும்மா கிடந்துச்சு... கேப்டன் ஓட்டின விமானத்துல இருந்து கழட்டினது."

ஜன்னலில் வழுக்கை சட்டென்று நிமிர்ந்தது.

"அ... அதையா?"

"நல்ல பம்ப்தானே சார்? நீங்களே கையெழுத்துப் போட்டீங்களே!"

"பைத்தியமா உனக்கு? அது செத்த பம்ப்! கதவைத் திறங்க! என்னை இறக்கி விடுங்க!"

தலைதெறிக்க ஓடி வந்தார். பாதிப் படியில் கால் இடறியது. கதவருகே மூத்த டைரக்டர் அம்மாள் வந்து நின்றார்.

"செத்த பம்ப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேடம்... எனக்கு அப்பவே... அதாவது..."

"அப்பவே தெரியுமா? அப்ப கேப்டன் மேல ஏன் எழுதினீங்க?"

தலைவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளில் இறங்கினார்.

மெக்கானிக் பையைத் திறந்தாள். உள்ளே கருகிய பம்ப்! கழுத்தில் அவள் மறுபடி கட்டிய சிவப்பு அட்டை!

"எஞ்சின்ல இருக்கறது புதுசு மேடம். பயப்படாதீங்க. பழசை நான் யார் தலையிலயும் கட்டலை."

"அடிப்பாவி... ஏமாத்திட்டியா!"

அவள் நிதானமாக அட்டையை அவிழ்த்தாள். அவருடைய கோட்டுப் பொத்தானில் கட்டினாள். கண் கலங்கியது. முடிச்சு மட்டும் இறுகியது.

"இதை என் புருஷனுக்காகக் கட்டறேன். அறுத்துப் பாருங்க சார்... இப்ப அஞ்சு சாட்சி இருக்கு!"

டைரக்டர் அம்மாள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"கதவைச் சாத்துங்கப்பா. பாரம் இறங்கியாச்சு... இனிமேலாவது பறக்குதான்னு பார்ப்போம்!"